வளையல்காரியின் இடக்கை

அஸ்ரப் நிஷாவுக்கு நடந்தது கர்ப்பப்பை ஆபரேஷன் இல்லை. ஆனால் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் கர்ப்பப்பை என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லி வைத்தவர் அவள் புருஷன் தஸ்தகீர். வளையல் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், எதிர்க்கடைக்காரரும் ஜமாத்துக்காரரும் வந்து விசாரிக்கும்போது, என் சம்சாரத்துக்கு மார்பில் புற்றுநோய் என்று எப்படிச் சொல்வார்? அந்த வார்த்தை அவருக்குத் தொண்டையைத் தாண்டாது. கர்ப்பப்பை என்றால் கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஊரை ஏமாற்ற அதைவிட வசதியான உறுப்பு கிடையாது.

நிஷாவும் அதை மறுக்கவில்லை. மறுக்காததற்குக் காரணம் வெட்கம் இல்லை, தொழில். தஸ்தகீர் கடையில் உட்கார்ந்து வளையல் விற்பார். நிஷா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பெண்களின் கையைப் பிடித்துப் போட்டுவிடுவாள். இரண்டும் ஒரே வியாபாரம் என்று நினைக்கிறவர்களுக்கு வளையலைப் பற்றி ஒன்றும் தெரியாது. இடது கையால் எதிரில் இருப்பவளின் கையை வாங்கி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டிகளை ஒன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தொட்டு வலது கையால் வளையலைத் தள்ள வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் வளையல் உடையும். கொஞ்சம் தயங்கினால் கை வலிக்கும். நிஷா போட்டால் வலிக்காது, உடையாது என்று கச்சிராயபாளையம் தொடங்கி மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் பெயர். வளைகாப்பு என்றால் முதலில் அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளைத்தாச்சி கையில் முதல் வளையல் ஏற்றுகிற கை ராசியான கையாக இருக்க வேண்டும் இல்லையா? கேன்சர் வந்தவள் என்று தெரிந்தால் அந்த அழைப்பெல்லாம் அன்றோடு நின்றுபோகும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்தார்கள். கூடவே அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஊசி மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், தோல் கறுத்தது. எல்லாம் முடிந்து முடி திரும்ப முளைத்து இப்போது காதுவரை வந்துவிட்டது. கடைசியில் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு விஷயம் சொன்னாள். நெறி எடுத்ததால் இடது கையில் நீர் தேங்கி வீங்கும். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, சூடு படக் கூடாது, வெட்டுப் படக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. தோல் நிறத்தில், விரல்களை விட்டு முழுக்கைக்கும் ஓர் உறை கொடுக்கிறோம், வேலை செய்யும்போது அதை மாட்டிக்கொள்ள வேண்டும். நிஷா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வளையல் போடலாமா? அந்தப் பெண் சிரித்துவிட்டு, இன்னொரு கையில் போட்டுக்கோங்கம்மா என்றாள். அவளுக்கு அது சின்ன விஷயம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்தபின் முதல் தடவை குளித்த அன்று, நிஷா கதவைத் தாழ்போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தொட்டி நிரம்பி வழிந்து வாசல்வரை தண்ணீர் வந்தும் நிறுத்தவில்லை. பிள்ளைகள் குடித்த மார்பு அது. போனதில் துக்கம் இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் இருந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. பிறகு எழுந்து, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்து ஒரு பொட்டலம் தைத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியில் இருந்து பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்: எதுவும் ஆகாதவள்போல இருப்பது. யார் தண்ணீர்க் குடத்தைத் தூக்க வந்தாலும் விடமாட்டாள். யார் உடம்பு எப்படி என்று கேட்டாலும் எனக்கென்ன குறைச்சல் என்பாள். அதைத்தான் தைரியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தஸ்தகீர் நல்ல மனுஷன்தான். ஊசி மருந்து நாட்களில் கஞ்சி காய்ச்சியது அவர், வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவியது அவர். ஆனால் பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட ஸ்டூல் ஒன்றை வாங்கிப் போட்டு, இனிமேல் நீ இங்கே உட்கார்ந்தால் போதும், பெட்டியும் வேண்டாம் மலையும் வேண்டாம் என்றார். நிஷா அந்த ஸ்டூலில் ஒரு நாளும் உட்காரவில்லை. அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போதுதான் வைகாசியில் கண்ணகி வந்தாள். ஊருக்கு வெளியே கரும்பு வைத்திருக்கிற குடும்பம். கண்ணகியின் வளைகாப்புக்கு முதல் வளையல் போட்டதே நிஷாதான். இப்போது அவள் மகள் ஷாலினி பிள்ளைத்தாச்சி. ஷாலினியைக் கட்டிக்கொடுத்திருப்பது கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்து ஊரில். வளைகாப்பு அங்கே, மாப்பிள்ளை வீட்டில். மாமியார் பச்சையம்மாளுக்கு ஒரு சஞ்சலம் இருக்கிறது என்று கண்ணகி ஒளிக்காமல் சொன்னாள். வளையல்காரம்மா ரொம்ப நாள் சீக்காக் கிடந்தாங்களாமே, வேறு ஆள் பார்த்தால் என்ன என்று கேட்டாராம். கண்ணகி பிடிவாதமாக, நிஷாக்கா போட்டால்தான் என் பொண்ணு கை நீட்டுவாள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

நிஷா அப்போதே தனக்குள் ஒரு கணக்குப் போட்டாள். இந்த வளைகாப்பு நல்லபடியாக நடந்தால் அடுத்த சந்தைக்குப் பெட்டியோடு வெள்ளிமலை ஏறிவிட வேண்டியதுதான். நடக்காவிட்டால் ஸ்டூல். ஆயுசு முழுக்க ஸ்டூல்.

வளைகாப்பு அன்று காலையில் அவள் செய்த காரியத்தை வளையல் வியாபாரம் செய்கிறவள் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். அந்த உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடது கைக்குச் சோப்புத் தடவி, ஒரு கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் ஏற்றினாள். எப்போதும் போடுகிற அளவுதான். ஆனாலும் பழையபடி வழுக்கிக்கொண்டு போகவில்லை. கடைசி வளையல்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள வேண்டியிருந்தது. தஸ்தகீர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தக் கைல இன்னாத்துக்கு வளையலு? அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு படிச்சிப் படிச்சி சொல்லிச்சே" என்றார்.

"ஒரு கைல வளையலும் ஒரு கை மொட்டையாவும் போயி வளைகாப்பு வூட்ல நின்னா, வாசப்படியிலயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"அனுப்புனா வந்துடு."

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'வந்துடு' நிஷாவுக்குச் சுருக்கென்று தைத்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே வந்து பெட்டியை வாங்கப் பார்த்தார். தரவில்லை.

வெள்ளிமலை பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பெட்டி. வலது கை ஓய்ந்தபோது மாற்றிப் பிடித்தாள். இடது கைக்குப் பாரம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பெட்டியைக் கொடும்மா, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கேட்டபோது, பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். கோமுகி வாய்க்கால் தாண்டும்போதே முழங்கைக்குக் கீழே கனத்தது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் சாமியானா போட்டு, குழாய் ரேடியோ கட்டியிருந்தார்கள். எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரவள்ளித் தோட்டம், அதற்குப் பின்னால் மலை. பச்சையம்மாள் களமருதூரில் பிறந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவர், வாட்டசாட்டமான பெண்மணி. நிஷாவை மேலும் கீழும் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், இரண்டு கைகளையும் பார்த்தார். இரண்டிலும் வளையல் இருந்தது. உட்காரச் சொன்னார். பார்த்தீர்களா என்று நிஷா மனசுக்குள்ளேயே தஸ்தகீரிடம் சொல்லிக்கொண்டாள்.

நல்ல நேரத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அதுவரை வந்திருந்த பெண்களுக்குப் போட்டுவிடலாம் என்று கண்ணகி சொன்னாள். பாய் விரித்து உட்கார்ந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். களை எடுத்துக் காய்த்துப்போன கைகள், கரும்புத் தோகை கிழித்த கைகள், காலேஜ் போகிற மெலிந்த கைகள். ஒவ்வொன்றையும் வாங்கி, மடக்கி, அழுத்தி, ஏற்றினாள். ஒரு வளையல்கூட உடையவில்லை. எத்தனை நாள் ஆயிற்று இப்படி ஒரு கையைப் பிடித்து என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான் கலங்கியது. சாமியானாவுக்குள் காற்று இல்லை, வைகாசி வெயில் காய்ந்த தகரம்போலச் சுட்டது. அவள் கவனிக்கவில்லை.

கவனித்தபோது இடது கை அவள் கையாக இல்லை. வளையல்களுக்கு இடையில் சதை பிதுங்கிக்கொண்டு நின்றது. விரல்கள் தடித்துப்போய், உள்ளே எறும்பு ஊர்வதுபோல இருந்தது. ஒரு வளையலைச் சுற்றிப் பார்த்தாள். சுற்றவில்லை.

கைகழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. சோப்பைக் கரைத்துத் தடவினாள், எண்ணெய் கேட்டு வாங்கித் தடவினாள், கையைத் தூக்கிப் பிடித்து உதறினாள். இழுக்க இழுக்க மணிக்கட்டு சிவந்ததே தவிர ஒன்றும் நகரவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் இருந்து சமையல் வேலைக்கு வந்தவள், பெயர் ராதிகா. முப்பது வயதுகூட இருக்காது. கழுத்திலும் கையிலும் எதுவும் இல்லை. இந்த மாதிரி இடங்களில் அவளைப் போன்றவர்கள் முன்பக்கம் வரமாட்டார்கள், வரச் சொல்லவும் மாட்டார்கள்.

"கழட்ட முடியாதுக்கா. ஒடைச்சாத்தான் உண்டு" என்றாள் ராதிகா.

அது நிஷாவுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் பயந்துபோய் இவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டிருந்தாள். வளையலை உடைப்பது புருஷன் செத்த வீட்டில் செய்கிற காரியம். வளைகாப்பு வீட்டில், பிள்ளைத்தாச்சிப் பெண் மனையில் உட்காரப் போகிற நேரத்தில், வளையல்காரியே வளையலை உடைத்தாள் என்றால் மலையடிவாரம் முழுக்க அது ஒரு கதையாகும். பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு உடம்பு சரியில்லை என்று பஸ் ஏறிவிடலாம். அப்படிப் போனால் பச்சையம்மாள் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். இல்லையென்றால் வலியைப் பொறுத்துக்கொண்டு, ஷாலினிக்குப் போட்டு முடித்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிஷா தன் இடது விரல்களை மடக்கிப் பார்த்தாள். எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியவில்லை. இந்த மரத்துப்போன விரல்களால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, அவள் கையிலேயே ஒரு வளையல் உடைந்தால்?

அதை நினைத்ததும் பயம் போய்விட்டது. வளையல் போடுகிறவளுக்கு அதற்குமேல் ஒரு கேவலம் கிடையாது. நேரே முன்பக்கம் நடந்தாள்.

பச்சையம்மாளும் கண்ணகியும் தாம்பாளங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஷாலினி பட்டுப் புடவையில் வியர்த்துப்போய் நாற்காலியில் இருந்தாள். நிஷா அவர்கள் முன்னால் போய் நின்று, முக்காட்டுக்குள் மறைத்திருந்த கையை வெளியே நீட்டினாள்.

"எனக்கு ஆபரேசன் ஆனது கர்ப்பப்பை இல்லீங்க. மாரு. இடது பக்கத்து மார எடுத்துட்டாங்க, கேன்சரு. மருந்து, கரண்டு எல்லாம் முடிஞ்சிது, இப்ப ஒண்ணுமில்ல. ஆனா இந்தக் கை வீங்கும், வளையல் போடாதன்னு சொன்னாங்க. வெறுங்கையோட வந்தா நீங்க ஒரு மாதிரியா நெனைப்பீங்கன்னு பயந்துக்கினு போட்டுக்கினேன். இப்ப மாட்டிக்கிச்சி."

 ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, தன் கையில் நிஷா கொஞ்ச நேரம் முன்பு போட்ட வளையல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நிஷா அதையும் கவனித்தாள். ஆனால் சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது. இத்தனை நாள் கழித்து முதல் தடவையாக நன்றாக வந்தது.

"அதுக்கு இன்னா பண்ணணும்ன்ற?" என்றார் பச்சையம்மாள்.

"ஒடைக்கணும்."

"புள்ளத்தாச்சிப் பொண்ண குந்த வெச்சிக்கினு இந்த வூட்ல பேசற பேச்சா இது?"

"உங்க வூட்ல ஒடைக்கல. ரோட்டுக்கு அந்தாண்ட போறேன். ஒடைச்சிட்டு வந்து போடறேன். வெரலு மரத்துப்போய் கீது, இப்படியே போட்டா உங்க மருமவ கைல ஒடைஞ்சாலும் ஒடையும். எது பரவால்லன்னு நீங்களே சொல்லுங்க."

 பதிலுக்கு நிஷா காத்துக்கொண்டிருக்கவில்லை. சாமியானா கட்டிய ஆளிடம் கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டு, துணி ஒன்றை நனைத்து எடுத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து மரவள்ளித் தோட்டத்து வரப்பில் போய் உட்கார்ந்தாள். வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் ஈரத் துணி வைத்தால்தான் கண்ணாடி குத்தாது. இந்தக் கையில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆபத்து. ஒரு கை பிளேயரைப் பிடிக்க, ஒரு கை மாட்டிக்கொண்டிருக்க, துணியை யார் பிடிப்பது? திரும்பிப் பார்த்தாள். சாமியானா ஓரத்தில் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். கண்ணகி ஓர் அடி எடுத்துவைத்துவிட்டு, மகளைப் பார்த்து நின்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

நிஷாவுக்கு யாரையும் உதவிக்குக் கூப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வாயைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது. திறந்தாள்.

"ராதிகா, இங்க வாம்மா. துணியப் புடி" என்று ரோட்டுக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி அவள் வந்தாள். எதிரே மண்டிபோட்டு, ஈரத் துணியின் நுனியை வளையலுக்கு அடியில் மெல்ல மெல்ல நுழைத்தாள். அவ்வளவு பொறுமையாகச் செய்ததைப் பார்த்து நிஷா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒடைக்கும்போது யாரும் துணி வெக்கலக்கா" என்றாள் ராதிகா. மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். வெளிறிப்போன கோடு ஒன்று இருந்தது. கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து வரிசையாகச் செத்தார்களே, அந்த வாரத்தில் அவள் புருஷனும் போயிருந்தான். ஊரே அழுதுகொண்டிருந்த அவசரத்தில் யாருக்கு நின்று துணி வைக்க நேரம்?

நிஷா பிளேயரை வைத்து அழுத்தினாள். பிறந்ததிலிருந்து ஒரு வளையலையும் வேண்டுமென்று உடைத்தவள் இல்லை அவள். முதல் வளையல் நொறுங்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவதுக்கு மூடவில்லை. அதற்குப் பிறகு வரப்பில் பச்சைக் கண்ணாடி விழ விழ, குளியலறையில் யார்மேல் என்று தெரியாமல் இருந்த அந்தக் கோபம், வளையலோடு வளையலாகக் கொஞ்சம் இறங்கியது. எல்லாம் விழுந்தபின் கையில் சிவப்புப் பள்ளங்கள் மட்டும் இருந்தன. ஒரு கீறல் இல்லை.

கைகழுவ ராதிகா பெட்டியை எடுத்து வந்து, சோப்புக்காக அதன் அடித்தட்டைத் திறந்தாள். மாற்றுச் சோப்புக்கு அடியில் அந்த உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. நிஷா வைக்கவில்லை. பெட்டியைத் தர மறுத்துத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்னாலேயே தஸ்தகீர் வைத்திருக்கிறார். இந்த மனுஷன் தன்னோடு சண்டை போடவும் விடமாட்டார் என்று நிஷாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பயிற்சி சொன்ன பெண் காட்டியபடி கையை மேலே தூக்கிப் பிடித்து, விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். மரவள்ளித் தோட்டத்து ஓரத்தில் கை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்து, வண்டிக்குக் கை காட்டுகிறாள் என்று நினைத்தோ என்னவோ, அந்த வழியே போன ஷேர் ஆட்டோக்காரன் நிறுத்திவிட்டுப் போனான். கொஞ்சம் கொஞ்சமாக விரலில் உணர்ச்சி வந்தது. உறையை மாட்டிக்கொண்டாள். புடவைக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை. முக்காட்டுக்குள் இழுத்துக்கொள்ளாமல், எல்லாரும் பார்க்கத் திரும்பி நடந்தாள்.

சாமியானாவில் ஷாலினியை மனையில் உட்கார வைத்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம். பச்சையம்மாள் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"தொத்திக்காதே இது?" என்று கேட்டார்.

"தொத்தறதா இருந்தா முதல்ல எங்க வூட்டுக்காரருக்குத் தொத்தியிருக்கணும். அவுரு நல்லாத்தான் கீறாரு, கடையில குந்திக்கினு ஊருக்கெல்லாம் பொய் சொல்லிக்கினு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பச்சையம்மாள் சிரிக்கவில்லை. உடைத்த கையால் போட விடுவதா என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அப்போது ஷாலினி தன் இரண்டு கைகளையும் நிஷா பக்கமாக நீட்டினாள். நீட்டியவள் மடக்கவில்லை. மாமியாரைப் பார்க்கவும் இல்லை. அம்மாவின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருந்தது.

பச்சையம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் கழிந்தால் அதற்கு யார் பதில் சொல்வது?

"குந்தும்மா, நேரம் போவுது" என்றார்.

முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல். உறை போட்ட இடது கையால் ஷாலினியின் கையை வாங்கி, விரல் முட்டிகளைத் தொட்டு அழுத்தம் பார்த்துக்கொண்டாள். விரல் சொன்ன சொல் கேட்டது. பழைய வேகம் இல்லை. இடையிடையே கையை மடியில் வைத்து ஆறவிட வேண்டியிருந்தது. கொஞ்சம் இரும்மா என்று வாய் திறந்து கேட்டாள். ஷாலினி இருந்தாள், எல்லாரும் இருந்தார்கள். இரண்டு கையும் நிறைந்தபோது ஒன்றுகூட உடையவில்லை.

அவள் கள்ளக்குறிச்சி திரும்புவதற்கு முன்பே செய்தி கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. போன் எதற்கு இருக்கிறது? தஸ்தகீர் கல்லாவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஊர் பூராவும் சொல்லிவிட்டாயாமே என்றார். ஆமாம், இனிமேல் நீங்கள் பொய் சொல்லிக் கஷ்டப்பட வேண்டாம் என்றாள் நிஷா.  அவர் எழுந்து போய் அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து, வீங்கிய கையைத் தூக்கி அந்த மெத்தை ஸ்டூல்மேல் வைத்தார். அதில் வைத்தால் உயரம் சரியாக இருந்தது. ஒன்றிரண்டு வீட்டில் இருந்து வளையலுக்குச் சொல்லியிருந்தவர்கள் அந்த வாரம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நிஷாவுக்கு வலிக்கத்தான் செய்தது. வலிக்கவில்லை என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

நினைத்தபடி அடுத்த சந்தைக்கு மலை ஏறினாள். தனியாக இல்லை. கருணாபுரத்துக்குத் தேடிப் போய், எனக்கு ஒரு கை குறைகிறது, வருகிறாயா என்று ராதிகாவிடம் கேட்டிருந்தாள். தாலி இல்லாதவள் வளையல் பெட்டி தூக்கினால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று ராதிகா தயங்கினாள். சொல்கிறவர்கள் சொல்லட்டும், பெட்டி கனம், அதைத் தூக்கு என்றாள் நிஷா. பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது பெட்டி ராதிகாவின் மடியில் இருந்தது. நிஷா கையை ஜன்னல் கம்பிமேல் உயரமாக வைத்துக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிமலைச் சந்தையில் பாய் விரித்த சிறிது நேரத்தில் ஒரு மலைக்காரப் பெண் வந்து குந்தினாள். முதுகில் குழந்தை, பக்கத்தில் ஒரு கூடைப் புளி. வளையலைப் பார்க்காமல் நிஷாவின் இடது கையைப் பார்த்தாள். எதற்கு இந்தக் கைக்கு மட்டும் உறை, எதற்கு அதில் வளையல் இல்லை என்று கேட்டாள். ராதிகா நிஷாவைப் பார்த்தாள்.

"மார்ல கேன்சர் வந்துச்சி, எடுத்தாச்சி. கை வீங்காம இருக்க இதப் போட்டுக்கினு கீறேன்" என்றாள் நிஷா, சோப்புத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே. "கைய நீட்டு. உனுக்கு ரெண்டு நாலு அளவு போதும்னு நெனைக்கிறேன்."